பனிமலையில் பாத்தி கட்டியவன்

கொங்கிறீற் போடுகிறவனுக்கு இரண்டு எசமான்கள், வீட்டுக்காரரும் காலநிலையும். வீட்டுக்காரரோடு கதைத்தாவது சமாளிக்கலாம். சீமெந்து குழைத்த கையோடு இதை வாசிக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கொழுத்தவனுக்குக் கதிரை

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் நினோ என்ற தலைமை மேசனிடம் வேலை செய்தேன். எல்லாருக்கும் அவர் மாஸ்த்ரோ. நகரத்தில் வெயில்தான் எங்கள் கரைச்சல். ஒரு வருடம், குளிர் தொடங்கும் நேரத்தில், இரண்டு மணித்தியாலம் தள்ளி மலையில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை கிடைத்தது. படலையிலிருந்து கராஜ் வரை கார் ஏறும் பாதை. பழைய பாதை பனியில் செதில் செதிலாகக் கழன்று போயிருந்தது. "இது ஒரு பனிக்காலம் தாண்டட்டும், உன்ரை பெர்மெஸ்ஸோவுக்குக் கையெழுத்து வைக்கிறன்" என்றார் மாஸ்த்ரோ. வேலை தருகிறவரின் கையெழுத்து இல்லாவிட்டால், வசந்தத்துக்குப் பிறகு அந்த நாட்டில் இருக்க எனக்கு அந்த வதிவிட அனுமதிப் பத்திரம் இல்லை.

கலவைக்குள் அவர் ஏதோ மருந்து ஊற்றினார். உள்ளே நுண்ணிய குமிழ்கள் வருமாம். ஊரில் கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றப் பழகிய எனக்கு அது கள்ள வேலையாகப் பட்டது. கேட்டே விட்டேன். என் அறைத்தோழன் மன்னார் அந்தோனியிடம் அவர் கற்றிருந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லால் என்னைக் கூப்பிட்டு, மீதியைத் தன் மொழியில் கைச்சைகையோடு சொன்னார்: "தம்பி, உறையேக்கை தண்ணி கொழுக்கும். கொழுத்தவன் இருக்க உள்ளுக்கை கதிரை போட்டு வைக்கிறன்."

அரை வசனம்

சரிவான பகுதிக்கு மாஸ்த்ரோவே வைக்கோல் பரப்பித் தறப்பாளால் மூடினார். சமதரையான கராஜ் வாசலை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் பலெர்மோவுக்கு இறங்கினார். போகும்போது சொன்னது: ஈரம் காயவிடாதே, போர்த்து வை. தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன் நான். இத்தாலி மொழியில் அப்போது எனக்கு அரை வசனம்தான் பிடிபடும். ஈரம் பிடிபட்டது, போர்வை தப்பிவிட்டது. சுற்றிவர மண் வரம்பு கட்டி, யாழ்ப்பாணத்து மேசன்மார் மெச்சும்படி, பாத்தி நிறையத் தண்ணீர் தேக்கினேன்.

விடியப் பார்த்தால் தண்ணீர் உறைந்து கண்ணாடி. உடைத்தேன், கொங்கிறீற்றின் தோலும் அப்பளம் போலக் கூடவே வந்தது. மாஸ்த்ரோ வந்திறங்கி, சப்பாத்து நுனியால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நின்றேன். "நான் கார் விடக் கேட்டன். நீ மீன் விடக் கட்டியிருக்கிறாய்."

கம்பளி

அந்த வாசலை நானே உடைத்து, நானே திரும்பப் போட்டேன். போடுவதற்கு முன் பலெர்மோவின் பல்லரோ சந்தையில் பழைய கம்பளிகள் வாங்கினேன். ஒன்று குறைந்ததால் என் கம்பளியையும் கொண்டுபோய் விரித்தேன். ஒரு கிழமை அங்கேயே நின்றேன். மத்தியான வெயிலில் மெல்லத் தூக்கி ஈரம் பார்ப்பேன், பிறகு ஓரமெல்லாம் செருகி மூடுவேன். சிஞ்ஞோரா ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்.

பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் அறைக்குத் திரும்பியபோது எனக்குச் சரியான தடிமன். அந்தோனி இஞ்சித் தேத்தண்ணியை நீட்டினான்: "சீமெந்துக்குக் கம்பளி, உனக்குத் தடிமன். கலியாணம் கட்டமுந்தியே தகப்பனாயிட்டாய் மச்சான்!"

உப்பு

பனி கரைந்ததும் மாஸ்த்ரோவும் நானும் மலைக்கு ஏறினோம். என் பத்திரம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. படலையடியில் மாஸ்த்ரோ போட்ட பகுதியே செதில் விட்டிருந்தது. என் வாசல் எப்படியோ என்று மேலே எட்டிப் பார்த்தேன்.

"சிஞ்ஞோரா, பனி கரைக்க உப்புப் போட்டனீங்களோ? உப்பு கொங்கிறீற்றைத் தின்னும், மணலெல்லோ போடச் சொன்னனான்!" என்றார் மாஸ்த்ரோ.

"ஓம், வாளி வாளியாய்ப் போட்டனான். சறுக்கி விழுந்தால் நீரோ வந்து தூக்குவீர்?"

மாஸ்த்ரோ மேலே நடந்தார். கராஜ் வாசலில் ஒரு செதில்கூட இல்லை. குந்தியிருந்து உள்ளங்கையால் தடவினார். பிறகு என் பத்திரத்தை வாங்கி, வண்டியின் முன்மூடியில் விரித்துக் கையெழுத்து வைத்தார். வைத்தபடியே, "இஞ்சை மட்டும் ஏன் உப்புப் போடேல்லை?" என்று கேட்டார். சிஞ்ஞோரா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்: "மனம் வரேல்லை. பிள்ளையைப் போலப் போர்த்தி வைச்சிருந்தவனெல்லோ."

இப்போது யாழ்ப்பாணத்தில், உறைபனியைக் கனவிலும் காணாத கொங்கிறீற்றுக்கு மேசன்மார் பாத்தி கட்டித் தண்ணீர் விடும்போதும், ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கும் என் கை ஒரு கம்பளியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.