பத்தாயிரம் சக்தி கொண்ட அப்பா

என் மகள் மீராவும் பக்கத்து வீட்டு ரிங்கியும் ஜப்பான் கார்ட்டூன் பார்த்துவிட்டு, நெருப்பு வீரனா பனி வீரனா, யாருக்குச் சக்தி அதிகம் என்று சண்டை போடுகிறார்கள். "மேரா வாலா ஜ்யாதா ஸ்ட்ராங்!" என்று, தன் வீரனே பலசாலி என ரிங்கி இந்தியில் கத்தியதும், எனக்குச் சின்ன வயதில் தீவில் நாங்கள் இருந்த கராச்சர்மா வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே நானும் அக்காவும் இப்படிப்பட்ட வீரர்களை அட்டையில் வரைந்து, சக்தி எண் எழுதி மோதவிடுவோம். நான் ஆயிரம் போட்டால் அவள் இரண்டாயிரம் போடுவாள்.

ஒரு மே மாத விடுமுறையில், கடல் தாண்டி மெயின்லேண்ட் போக, தீவே திரண்டு முண்டியடிக்கும் வரிசையில் கப்பல் டிக்கெட் எடுக்கப் போன அப்பா, மத்தியானம் வாசலில் வந்து நின்றார். சட்டையில் இரண்டு பட்டன் இல்லை, ஒரு செருப்பு அறுந்திருந்தது. ஆனால் கையை உயர்த்தி நான்கு டிக்கெட்டுகளைக் காட்டினார். நாங்கள் குதித்த குதியில் தகரக் கூரை அதிர்ந்தது. அக்கா உடனே அப்பாவை வரைந்து பத்தாயிரம் போட்டாள்.

"நேத்து வெறுங்கையோட வந்தவர இன்னிக்கு மறுபடி வரிசைக்கு விரட்டுனது யாருடி?" என்றாள் அம்மா.

அக்கா அம்மாவை வரைந்து இருபதாயிரம் போட்டாள்.

"நீயே சொல்லும்மா, நெருப்பா பனியா, யாரு பெரிய ஆளு?" என்று இப்போது என்னிடம் கேட்கிறாள் மீரா.

"ரெண்டு பேரையும் மே மாசம் கப்பல் டிக்கெட் எடுக்க அனுப்பு. தெரிஞ்சிடும்."