வைத்துக்கொள்ள ஆறு பேர்

அபுதாபியின் ருவைஸில் எங்கள் சைட் ஸ்டோரின் போர்ட்டா கேபினுக்குள் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதன் கதவின் உள்பக்கத்தில், கேஸ்கட் அளவுகளின் அட்டவணைக்குக் கீழே, ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் இருபத்து மூன்று பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, அதற்கு அடுத்து பென்சிலில் ஒரு சிறு குறி. அத்தனையும் அமெரிக்க பேஸ்பால் வீரர்களின் பெயர்கள். எழுதியவர் எங்கள் ஸ்டோர் கீப்பர், கீழக்கரைக்காரர், சைட்டில் எல்லோருக்கும் பாய். அவரும் சரி, நானும் சரி, ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இருபத்து மூன்று பேரைப் பற்றி மூன்று ஆண்டுகள் நாங்கள் பேசியதில் பாதிகூட எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசியிருக்க மாட்டோம்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஆலை விரிவாக்க வேலையை எடுத்திருந்த ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் நான் பிளானிங் இன்ஜினியர். எங்கள் மேனேஜர் அமெரிக்கர். சைட்டில் இருந்த அமெரிக்கர்கள், கனடாக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் ஒரு கற்பனை லீக் நடத்திவந்தார். பத்து அணிகள். அமெரிக்காவில் நிஜமாக ஆடும் வீரர்களை அணிக்கு இருபத்து மூன்று பேராக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே மைதானத்தில் அடிப்பதும் எறிவதும் இங்கே கணினியில் நமக்குப் புள்ளிகளாக ஏறும். சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடியும். முடிந்தபின், மார்ச்சில் ஒவ்வொருவரும் ஆறு வீரர்களை மட்டும் அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். சீசன் நடுவில் அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் ஜூலை முடியும் வரைதான். பந்தயப் பணம் எதுவும் கிடையாது. பழைய வால்வு ஒன்றின் கைச்சக்கரத்துக்கு யாரோ தங்க நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜெயித்தவர் மேசையில் அது ஓர் ஆண்டு இருக்கும், அவ்வளவுதான் பரிசு.

ஒரு கனடாக்காரர் வேலையை விட்டுப் போனதும் அவருடைய அணி அநாதையாக நின்றது. பத்தாவது இடத்தில் கிடந்த அணி. எண்களோடு மாரடிப்பவன் என்பதால் மேனேஜர் என்னைக் கேட்டார். தனியாக எடுக்கத் தயங்கி பாயையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். பாய்க்கு என்னைவிட நான்கு வயது அதிகம். புதுக்கோட்டைக்காரனான என்னை முதல் நாளிலிருந்தே மாப்ள என்றுதான் கூப்பிடுவார். எந்த வால்வு எந்த ரேக்கில் எத்தனை மிச்சம் என்பதை ஏட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர். பேஸ்பால் என்றதும் சிரித்தார். ஒரு வாரம் கழித்து, ஒரு வீரரின் முழங்கால் ஆபரேஷன் பற்றி எனக்கே விளக்கினார்.

அமெரிக்காவின் ராத்திரி ஆட்டங்கள் முடியும்போது எங்களுக்குப் பொழுது விடிந்திருக்கும். கேம்ப் பஸ் ஆறே கால் மணிக்கு எங்களை இறக்கிவிடும். பாதுகாப்புக் கூட்டத்துக்கு முன்னால் இருபது நிமிடம் கிடைக்கும். பாய் ஸ்டோரைத் திறந்து, கெட்டிலைப் போட்டுவிட்டு, கணினிக்கு முன்னால் உட்காருவார். நான் பின்னால் நின்று படிப்பேன். அன்றைக்குச் சைட் வேலை எப்படிப் போகும் என்பது தெரிவதற்கு முன்பே, யாரோ ஒரு டெக்ஸாஸ்காரன் நேற்று எத்தனை முறை அவுட் ஆனான் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் ஆண்டிலேயே பாய் தன் வழியைத் தீர்மானித்துவிட்டார். எங்களிடம் பெயர் பெற்ற மூத்த வீரர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். முப்பத்து நான்கு, முப்பத்தாறு வயதுக்காரர்கள். அவர்களைக் கோப்பைக்குப் போராடிய அணிகளுக்குக் கொடுத்து, பதிலுக்கு யாரும் கேள்விப்படாத இளைஞர்களை வாங்கினார். “இந்த வருஷம் கடைசியா வந்தா என்னா மாப்ள? எப்படியும் கடைசிதான். மூணு வருஷம் பொறு” என்றார். கடைசியாகத்தான் வந்தோம். அடுத்த ஆண்டு ஒன்பதாவது. மற்றவர்கள் எங்களைப் பார்த்து நட்பாகச் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவருக்கு இல்லை. ஒரு நாள் அந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே சொன்னார்: “இந்த ஸ்டோருக்கு வர்ற சாமான் எதுவும் இங்க தங்குறதில்ல. வருது, ஸ்லிப் போட்டு வெளிய போகுது. இந்தப் பசங்கதான் வருஷா வருஷம் வளர்றானுங்க.” பதினோரு ஆண்டுகளாக வளைகுடாவில் இருந்தவர் அவர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஊரில். இரண்டு பிரசவத்துக்கும் அவரால் போக முடியவில்லை. குழந்தைகளை முதலில் பார்த்தது போட்டோவில்தான்.

அந்த இளைஞர்களில் ஒருவன்மேல் பாய்க்குத் தனிப் பிரியம். பந்து எறிபவன், பத்தொன்பது வயது, கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தவன். அப்பா மீன் பிடிக்கிறவர் என்று எங்கோ படித்த நாளிலிருந்து பாய் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார், நம்ம புள்ள என்பார். அவன் இன்னும் பெரிய லீக்கில் இடம் பிடிக்கவில்லை, கீழ்மட்ட அணி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தான். அதனால் அவனால் எங்களுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. இருந்தும் இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஆறு இடங்களில் ஒன்றை அவனுக்கென்று பாய் ஒதுக்கி வைத்திருந்தார்.

மூன்றாம் ஆண்டு அவர் சொன்னபடியே நடந்தது. ஜூன் மாதம் நாங்கள் நான்காம் இடத்தில் இருந்தோம். மேனேஜரே ஸ்டோருக்கு வந்து பாய்க்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அதே மாதம்தான் எனக்குக் கடிதம் வந்தது. என் வேலைப் பகுதி செப்டம்பரோடு முடிகிறது, அதன்பின் ஊருக்கு அனுப்பப்படுபவர்கள் பட்டியலில் நான் இருக்கிறேன். வருத்தமாக இருந்தது என்று சொன்னால் போதாது. ஐந்து ஆண்டுகள் அந்த உப்புக் காற்றில் இருந்திருக்கிறேன். நான் போட்ட அட்டவணைப்படி எழும்பிய கோபுரங்கள் வேறு யாருடையவோ. போவதற்கு முன்னால் ஏதாவது ஒன்றில் ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டது.

ஜூலை வெயிலில் வெளிவேலைக்கு மதிய இடைவேளை விடுவார்கள். அந்த நேரத்தில் ஸ்டோர் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து பாயிடம் பேச்சை எடுத்தேன். முதலிடத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லை, இளைஞர்கள் மூன்று பேரைக் கொடுத்தால் இரண்டு பெரிய ஆட்கள் வருவார்கள், இந்த ஆண்டே அடித்துவிடலாம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தொட்டார்.

“மூணு பேர்ல நம்ம புள்ளயும் உண்டா?”

“அவன் இல்லாம யாரும் பேச மாட்டேங்கிறாங்க பாய்.”

“அப்ப வேணாம். அடுத்த வருஷம் அவன் மேல வந்துருவான். அதுக்கப்புறம் நாலஞ்சு வருஷம் நம்மள யாரும் அசைக்க முடியாது.”

“அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேனே.”

“நீ போயிருவ மாப்ள. நான் இங்கதான இருப்பேன்” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் அறைக்குக் கொண்டுபோய், நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் இல்லாத அர்த்தமெல்லாம் கண்டுபிடித்தேன்.

அடுத்த வாரம் பாய் நாற்பது நாள் லீவில் ஊருக்குப் போனார். மனைவிக்கு மூன்றாவது பிரசவம், இந்த முறையாவது கூட இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தார். கிளம்பும்போது அணியின் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் தந்தார். “யார வேணும்னாலும் மாத்திக்க. புள்ளய மட்டும் தொடாதே” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாளுக்கு முந்தைய நாள், மேனேஜர் தன் அணியிலிருந்தே இரண்டு மூத்த வீரர்களைத் தருவதாக மெயில் அனுப்பினார். அவர் அணி அந்த ஆண்டு தேறவில்லை, அவரும் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தார். பதிலுக்கு எங்கள் மூன்று இளைஞர்கள் வேண்டும், அதில் முதல் பெயர் நம்ம புள்ள. என் சட்டைப் பையில் போன் கார்டு இருந்தது. பாயின் வீட்டு எண்ணும் இருந்தது. பிரசவ வீட்டில் இருக்கும் மனிதரை பேஸ்பாலுக்காகத் தொந்தரவு செய்வதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நல்ல காரணமாகத்தான் இருந்தது. போன் செய்தால் அவர் வேண்டாம் என்பார் என்பது அதைவிட நல்ல காரணம். சம்மதம் என்று பதில் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் பாய் திரும்பினார். பையன் பிறந்திருந்தான். காலையில் ஸ்டோருக்குள் நுழைந்ததும் ஊர் இனிப்பான தொதலில் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்து, “உனக்குன்னு தனியா கட்டச் சொன்னேன் மாப்ள” என்றார். நான் சொல்லத் தொடங்கும் முன்பே கணினியைத் திறந்துவிட்டார். பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார். கெட்டில் கொதித்து நின்றது. பிறகு எழுந்து அலமாரிக் கதவைத் திறந்து, காகிதத்தில் மூன்று பெயர்களை அளவுகோல் வைத்து அடித்து, பக்கத்தில் புதிய இரண்டு பெயர்களை எழுதினார். வயதையும் எழுதினார். முப்பத்தைந்து. முப்பத்தேழு.

“கேட்டிருக்கலாம்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து, நான் கெடுத்த அணியை ஜெயிக்க வைக்கத் தேவையான அத்தனையையும் அவர் செய்தார். யாருக்கு ஓய்வு, எந்த மைதானத்தில் ஆடும்போது யாரைக் கணக்கில் சேர்ப்பது என்று தினமும் குறித்துக்கொண்டு வந்தார். எதைக் கேட்டாலும் பதில் சொன்னார், தானாக எதையும் பேசவில்லை. மாப்ள என்று கூப்பிடுவதும் குறைந்துபோயிற்று. செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆட்டங்கள் முடிந்தபோது நாங்கள் முதலிடத்தில் இருந்தோம். அந்த முப்பத்தைந்து வயதுக்காரர்தான் கடைசி வாரத்தில் எங்களைத் தூக்கிவிட்டார். மேனேஜர் தங்கச் சக்கரத்தை ஸ்டோருக்கே கொண்டுவந்து எங்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். படத்தில் பாய் சிரிக்கிறார். நான் சிரிக்க முயல்கிறேன்.

அடுத்த பத்து நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஆலையின் அடுத்த கட்ட வேலையும் எங்கள் கம்பெனிக்கே கிடைத்துவிட்டது, என்னை இன்னும் இரண்டு ஆண்டுகள் வைத்துக்கொள்கிறார்கள் என்றது ஒன்று. அந்தக் கட்டத்தில் ஸ்டோரை வேறொரு கம்பெனி நடத்தும், பழைய ஸ்டோர் ஆட்களின் விசா மாத முடிவில் ரத்தாகும் என்றது இன்னொன்று. போகப்போகிறேன் என்று சொல்லி வருங்காலத்தை விற்றவன் தங்கிவிட்டேன். இங்கேதான் இருப்பேன் என்றவர் பெட்டி கட்டினார்.

கடைசி இரண்டு நாள் சரக்குச் சரிபார்ப்பில் நான் அவரோடு நின்றேன். ரேக்குகளுக்கு நடுவில், தூசியில், ஒரு வழியாக வாய் திறந்து மன்னிப்புக் கேட்டேன். பாய் எண்ணிக்கொண்டிருந்த போல்ட்டுகளை எண்ணி முடித்து எழுதிக்கொண்ட பிறகுதான் திரும்பினார்.

“புள்ளயக் குடுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல மாப்ள. நீயும் பாதிக்குச் சொந்தக்காரன்தான். நான் போன் எடுக்கிற தூரத்துலதான் இருந்தேன். நீ கூப்பிட்டிருந்தா, ஊருக்குப் போறவனாச்சேன்னு ஒருவேளை நானே சரின்னுருப்பேன். அதுக்கு எனக்கு வழியே இல்லாமப் பண்ணிட்டியே.”

புறப்பட்ட அன்று ஸ்டோர் ஒப்படைப்புக் காகிதங்களோடு ஒரு தாள் கூடுதலாக இருந்தது. மார்ச்சில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆறு பேரின் பெயர்கள். அந்தச் சிதைந்த அணியில் ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பதே பெரிய காரியம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே, ஏன் என்று ஒரு வரி. முப்பத்தைந்து வயதுக்காரரின் பெயர் கடைசியாக இருந்தது. “இவரை ஏப்ரலிலேயே கொடுத்துவிடு, நல்லவர், ஆனால் முடிந்துவிட்டார்” என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்.

இப்போது நான் திருச்சியில் இருக்கிறேன். அந்த லீக் கலைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்றைக்குப் போன் கார்டைச் சுரண்டி, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஊருக்குப் பேசினோம். இன்று எந்த நாட்டில் இருப்பவரையும் நினைத்த நொடியில் முகம் பார்த்துக் கூப்பிட முடிகிறது. கூப்பிடுவது கஷ்டம், அதனால்தான் கேட்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கும் எனக்கு நியாயம் இருக்கவில்லை. கைச்சக்கரம் ஓராண்டு என் மேசையில் இருந்தது, பிறகு வேறொருவர் மேசைக்குப் போனது. அந்த ஆண்டு ஜெயித்ததைப் பற்றி யாராவது பேசினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அன்றைக்குப் புறப்பட்டுப் போன பாய் இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு, ஜித்தாவில் ஷரஃபியா பகுதியில் மைத்துனரின் போர்வைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் எண்ணை வாங்கி வைத்திருந்தும் கூப்பிடத் தயங்கியே அந்தக் குளிர்காலம் கழிந்தது. ஏப்ரல் வந்தது. அவர் எழுதியபடியே மூத்தவரைக் கேட்டு ஒரு பிலிப்பைன்ஸ் நண்பர் வந்தார். பதிலுக்கு ஓர் இளைஞனைத் தருவதாகச் சொன்னார். நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டோருக்குப் பின்னால் நிழலில் நின்று ஜித்தாவுக்குப் போன் போட்டேன். யார் என்று சொன்னேன். இப்படி ஒரு பேச்சு வந்திருக்கிறது, செய்யலாமா என்று கேட்டேன்.

எதிர்முனையில் யாரோ அரபியில் விலை கேட்டார்கள். பாய் அவருக்கு விலை சொல்லி, போர்வையைப் பிரித்துக் காட்டி, அனுப்பிவிட்டு வந்தார்.

“வயசு என்னா அவனுக்கு?”

“இருபத்தொண்ணு, பாய்.”

“வாங்கிப் போடு மாப்ள” என்றார்.