பதினாறாம் வாய்ப்பாடு வரை

எங்கள் அப்பா மறைந்து ஒரு வருடம் நிறைகிறது. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான் என்பதால், இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடமே விட்டார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அப்பா இருந்திருந்தால் என்னைவிட அதிகமாகப் பெருமைப்பட்டிருப்பார். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத அவர், என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கையெழுத்து நல்லா இருக்குது கண்ணு" என்பார்.

நான் எழுத உட்கார்ந்தபோது பெரியப்பா ஒன்று சொன்னார். "நல்லத மட்டும் எழுது கண்ணு. அந்தக் கெணத்துக் கதையெல்லாம் எதுக்கு?" பிறகு அவரே மனம் மாறி எழுதச் சொன்னார். எப்படி மாறினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பா பிறந்தது ஜவளகிரிக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் யானை இறங்கும். யானை வருவதை மனிதர்களுக்கு முன் நாய்கள் அறிந்து குரல் கொடுக்கும். பெரியப்பாவும் அப்பாவும் நாய்களோடு காவலுக்குப் போனார்களே தவிர, பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பின்னர் அப்பாவுக்குத் திருமணமாகி, நானும் என் தங்கையும் பிறந்தோம்.

எனக்கு ஒரு தங்கை இருந்தது இந்த மலரைப் படிக்கும் இளையவர்கள் பலருக்குத் தெரியாது. அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், தெருவில் சுற்றிய ஒரு நாய் அவளைக் கெண்டைக்காலில் கடித்தது. ரத்தம் அதிகம் இல்லை. காயத்தில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் நாய் கடித்தால் ஏழு கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும் என்பார்கள். ஏழாவது கிணற்றில் முகம் தெளிவாகத் தெரிந்தால் விஷம் இறங்கிவிட்டது என்று நம்பிக்கை.

அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். பெரியப்பா முன்னால் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். ஏதோ திருவிழாவுக்குப் போவது போல இருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் உள்ள கிணறு ஆறுதான். ஏழாவதுக்காகப் பக்கத்து ஊர்வரை நடந்தோம். அங்கே அப்பா அவளை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக் குனியவைத்தார்.

"அப்பா, என் மூஞ்சி தெரியுது! உன் மூஞ்சியும் தெரியுது!" என்று அவள் கத்தினாள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ்ளோதான், எறங்கிடுச்சு" என்றார்.

நாற்பது நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீர் கொடுத்தால் தொண்டை இறுகியது. ஏழு கிணற்றை எட்டிப் பார்த்த குழந்தை, ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்டு அலறினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார். கடித்த உடனே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி போட ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார். அவளைத் திரும்பத் தூக்கிவந்ததும் அதே தோளில்தான்.

ஊரில் உள்ள நாய்களையெல்லாம் அடித்துக் கொல்வதாக ஆட்கள் தடியோடு கிளம்பினார்கள். அப்பா வழியை மறித்து நின்றார். "நாய்க்கு வந்தது நோவு. அதுக்கு என்ன தெரியும்? எனக்கு வந்தது என்ன, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். தடிகள் திரும்பிப் போயின.

அதன் பிறகு அந்த ஊரில் அப்பாவால் இருக்க முடியவில்லை. நாங்கள் ஓசூருக்கு வந்து, லைன் வீடு ஒன்றில் குடியேறினோம். அப்பா தொழிற்சாலையில் காவலாளியாகச் சேர்ந்தார். பல வருடம் கழித்து, காவல் நாயைக் கையாள ஆள் வேண்டும் என்று அங்கே கேட்டபோது, மற்றவர்கள் பின்வாங்க, அப்பா முன்னால் போய் நின்றாராம். அன்று அம்மா சமைக்கவில்லை. "என் பொண்ணத் தின்னதுக்கே சோறு போட்டு வளக்கப் போறீங்களா?" என்று கேட்டு அழுதார். அப்பா போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவுக்கு அந்தக் கோபம் ஆற வருடங்கள் ஆயின.

அந்த நாய் ராணி, அல்சேஷன் பெட்டை. ஸிட், ஸ்டே, டவுன் என்று அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் ராணிக்கும் தெரியும். கொஞ்சுவது எங்கள் எல்லைப் பக்கத்துக் கன்னடத்தில், திட்டுவது தமிழில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம், ராணியோடு அவரைப் போச்சம்பள்ளித் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். கம்பெனி பஸ் வந்து நிற்கும் வாசலில் இருவரும் நிற்பார்கள். நானும் ஆசிரியர் பயிற்சி முடித்து, அருகில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் தெருநாய்மேல் கல் எறிவார்கள். ஒருநாள் ஒரு சிறுமியின் கையில் நாயின் பல் பட்டிருந்தது. வீட்டில் அடிப்பார்கள் என்று இரண்டு நாள் மறைத்திருக்கிறாள். அவளை ஊசிக்கு அழைத்துப் போய்விட்டு வந்து, அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் வந்து பேசட்டுமா? உனக்குக் கௌரவக் கொறைச்சலா இருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னை அறுக்கிறது.

வார விடுமுறை நாளில் ராணியோடு வந்தார். என் நாற்காலியைக் காட்டினேன். "அது உன்னோட சேரு" என்று சொல்லி உட்கார மறுத்துவிட்டார். பிள்ளைகள் முன் பேச்சு வராமல் நின்றவரை ஒரு பையன்தான் காப்பாற்றினான்.

"சார், இது கடிக்குமா?"

"பல்லு இருக்குதில்ல, கடிக்கும்."

வகுப்பே சுவரோடு ஒட்டிக்கொண்டது. அப்பா அந்தப் பையனிடம் திரும்பினார்.

"உனக்கும்தான் பல்லு இருக்குது. நீ எப்பக் கடிப்ப?"

"என் தம்பி என் தட்டுல கை வெச்சா கடிப்பேன் சார்."

"இதுவும் அப்பத்தான் கடிக்கும். சாப்பிடறப்ப, தூங்கறப்ப, குட்டி போட்டிருக்கறப்ப கிட்டப் போவாத. தொரத்துனா ஓடாத, மரமாட்டம் நில்லு."

"இதுக்கு லீவு உண்டா சார்?"

"எனக்கு லீவுன்னா இதுக்கும் லீவு. இன்னிக்கி எங்க ரெண்டு பேருக்கும் லீவு. அதான் உங்களப் பாக்க வந்திருக்கறோம்."

பெல்ட் மாட்டிய நாய் வேலையில் இருக்கிறது, கூட இருப்பவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். ஆட்டுக்குக் காவலிருக்கும் நாய், போலீஸ் மோப்ப நாய் பற்றியெல்லாம் சொன்னார். பார்வையற்றவருக்கு வழி காட்டும் நாய் உண்டு என்பதை நான் ஒரு புத்தகத்திலிருந்து அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அதைச் சொல்லும்போது, "எங்க டீச்சரம்மா படிச்சது" என்று என்னைக் காட்டினார். வெயில் காலத்தில் பிள்ளைகள் தெருநாய்களுக்குப் பழைய சட்டியில் தண்ணீர் வைக்கத் தொடங்கினார்கள். கால்நடை மருத்துவர் ஊருக்கு ஊசி போட வந்தபோது, கல் எறிந்த கைகளே நாய்களை அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றன.

கால்மணி நேரம் கழுவ வேண்டும் என்றால், கடிகாரம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதற்கு அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். என்னை வாய்ப்பாடு சொல்லவைத்துப் பார்த்தார். ஒன்றில் தொடங்கிப் பதினாறு வரை நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆயிற்று. "சோப்புப் போட்டுக் கொழாத் தண்ணியில கழுவிக்கிட்டே வாய்ப்பாடு சொல்லு. பதினாறு முடியற வரைக்கும் கைய எடுக்காத. அப்புறம் வீட்டுல சொல்லி ஊசிக்குப் போ. வீட்டுல அடிச்சா என்கிட்ட வா" என்றார்.

"எனக்கு அஞ்சு வரைக்கும்தான் சார் தெரியும்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ அஞ்சையே மூணு தடவ சொல்லு."

மற்ற பள்ளிகளும் கூப்பிட்டன. பிள்ளைகள் அவரை 'நாய் வாத்தியார்' என்றார்கள். அதை அம்மாவிடம் வந்து சொல்லிச் சிரிப்பார். எந்த வகுப்பிலும் என் தங்கையைப் பற்றி அவர் பேசியதில்லை.

போன வருடம், காலை ஷிப்டு முடித்து, வயதாகிப்போன ராணிக்குச் சோறு வைத்துவிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் என்னிடம் கேட்டார்: "சின்னவளோட போட்டோ எங்க வெச்சிருக்கற?"

நாங்கள் அவளைப் படமே எடுக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"ஆமா. கெணத்துல தெரிஞ்ச மூஞ்சிதான் எனக்கு ஞாபகம் இருக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவர் காலமானார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் கூடியிருந்தோம். பந்தலுக்குப் பின்னால், எச்சில் இலைக்கு வந்த நாய்க்குட்டி ஒன்று பெரியப்பாவின் பேத்தியைக் கையில் கடித்துவிட்டது. எட்டு வயதுக் குழந்தை. அத்தை ஒருவர் மிளகாய்ப் பொடி கேட்டார். பெரியப்பா பதறிப்போய் எழுந்து, என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், "கெணறு... ஏழு கெணறு பாத்துட்டு வந்துடலாம்" என்றார். நானும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

குழந்தை மட்டும் நிற்கவில்லை. குழாயடிக்கு ஓடிப்போய், துணி துவைக்கும் சோப்பை எடுத்துக் கையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"வா சாமி, தூக்கிக்கிறேன்" என்றார் பெரியப்பா.

"இரு தாத்தா. சின்னத் தாத்தா பதினாறு வரைக்கும் சொல்லச் சொல்லியிருக்காரு. ஓரொண்ணு ஒண்ணு, ஈரொண்ணு ரெண்டு..."

ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் தடுக்கியபோது நான் எடுத்துக்கொடுத்தேன். தண்ணீர் நின்றபோது அம்மா குடத்திலிருந்து ஊற்றினார். பதினாறு முடிந்ததும் பெரியப்பா அவளை வண்டியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு ஊசிகூட விடாமல் அவரே அழைத்துப் போனார். கடைசி ஊசி அன்று வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "எழுது கண்ணு. முன்னால நடந்தவன் நான்தான்னும் எழுது" என்று சொல்லிவிட்டு அழுதார்.

எழுதிவிட்டேன் பெரியப்பா.

மூன்று நாளும் அப்பாவின் அருகில் இருந்த செவிலியர்களுக்கும், அவரைத் தங்கள் கையால் தூக்கிவந்த காவல் பணித் தோழர்களுக்கும், இப்போது ராணியை வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கும், எழுத்தறியாத மனிதருக்குத் தம் வகுப்பறைக் கதவைத் திறந்த தலைமையாசிரியர்களுக்கும், எங்களோடு அழுத உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கங்கள். இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் ஒன்றிலிருந்து பதினாறு வரை வாய்ப்பாடு அச்சிட்டிருக்கிறோம். அந்தத் தாளைத் தயவுசெய்து பெட்டிக்குள் பத்திரப்படுத்த வேண்டாம். கிழித்தெடுத்து, குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், உங்கள் வீட்டுக் குழாயடியில் ஒட்டிவையுங்கள்.