பட்டுப் பைக்குள் பருத்தி நூல்

சாரதாமணிக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் கண்ட ஆளிடமெல்லாம் சொல்லியாக வேண்டும். கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. படித்துவிட்டுத் திருப்பூருக்கு வாக்கப்பட்டு வந்தவள், வந்த மாதமே ராயபுரம் குழாயடியில் டி.என்.ஏ.வைப் பற்றிப் பேசிப் பாதிப் பெண்களை வெறுங்குடத்தோடு ஓட வைத்தாள். தப்பி ஓடாமல் கேட்டவர் ஒருவர்தான். எதிர்ச் சந்தில் சாயப்பட்டறை வைத்திருந்த அக்பர்.

1957இல் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை காலியானது. கமிட்டி முன்னால் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் சேவூருக்குப் போய் மாமனாரின் தோட்டத்தையும் மாடுகளையும் பார்ப்பதென்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. வேறு யாராவது என்றால் செம்பருத்திப் பூவைப் பிய்த்துக் காட்டிவிட்டு வேலையை வாங்கியிருப்பார்கள். இவளோ, பெற்றவர்களின் சாயல் பிள்ளைக்கு எதன் வழியாக வருகிறது என்பதைத்தான் நடத்துவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அது டி.என்.ஏ. வழியாகத்தான் என்று உறுதிசெய்த சோதனை அமெரிக்காவில் நடந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. பாடநூலில் ஒரு வரி கிடையாது.

விரல் நீளத்தில் நான்கு பட்டுப் பைகள் தைத்தாள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பருத்தி நூலைச் சுருட்டி வைத்தாள். பைதான் அந்தச் சோதனையில் வந்த வைரஸின் மேல் உறை, அதாவது புரதம். நூல்தான் டி.என்.ஏ. இரண்டு பைகளை அக்பரிடம் கொடுத்தாள்.

“பட்டு மட்டும் செகப்பாகோணும், அண்ணா. உள்ள இருக்கற நூலு வெள்ளையாவே இருக்கோணும்.”

“ஆகட்டும் அம்மணி.”

மாதிரிப் பாடத்தன்று காலை அக்பரே பொட்டலத்தைப் பள்ளி வராந்தாவில் வந்து கொடுத்தார். உள்ளே கமிட்டியாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பள்ளிச் செயலாளர் வேலுமணி, பனியன் கம்பெனி முதலாளி. மற்றவர் கோவையிலிருந்து வந்த விலங்கியல் பேராசிரியர் ஞானசம்பந்தம். சாரதாமணி உற்சாகமாகப் பொட்டலத்தைப் பிரித்தாள், நூலை வெளியே இழுத்தாள். பையும் சிவப்பு, நூலும் சிவப்பு. 

கதவோரம் ஓடினாள். “என்னங்ண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?”

அக்பர் முகமெல்லாம் பெருமை. “நூல்ல பட்டுச் சாயம் நிக்கலீங்க, அலசுனதும் போயிருச்சு. அப்படியே உட்ருவனா? நூலுக்குன்னு தனியா ஒரு சாயம் போட்டு, ரெண்டையும் ஒரே நெறத்துக்குக் கொண்டாந்துட்டனுங்க!”

முப்பது வருடமாகப் பாதிச் சாயம் ஏறிய துணி அவர் பட்டறையைத் தாண்டியதில்லை. அவரைத் திட்டவா முடியும்?

“ரெண்டும் சிவப்பாயிருக்கே அம்மா, இதில் என்ன தெரியும்?” என்றார் பேராசிரியர். அவர் கை மதிப்பெண் தாளை நோக்கிப் போனது.

அந்தக் கேள்விதான் சாரதாமணியைக் காப்பாற்றியது.

“ஒண்ணுமே தெரியாதுங்க சார்! அந்த விஞ்ஞானிகளும் இங்கதாங்க மாட்டிக்கிட்டு நின்னாங்க!” குரல் உயர்ந்துவிட்டது. “செத்துப்போன நோய்க்கிருமியில இருந்து டி.என்.ஏ.வைப் பிரிச்சு எடுத்து, சாதுவான கிருமியோட சேர்த்தாங்க. சாதுவும் நோய்க்கிருமியா மாறிப்போச்சு, அதோட வாரிசுகளும் அப்படியே பொறந்துச்சு. டி.என்.ஏ.தான் காரணம்னாங்க. மத்தவங்க நம்பலீங்க. அதுல துளிப் புரதம் ஒட்டிட்டு இருக்கும், அதுதான் வேலை செஞ்சிருக்கும்னாங்க. அப்ப, ஒண்ணுல ஒட்டி இன்னொண்ணுல ஒட்டாத அடையாளம் வேணுமில்லீங்களா?”

அவள் அக்பரை உள்ளே கூப்பிட்டாள். சாயம் போடாமல் மிச்சமிருந்த பையில் ஒன்றை நீட்டி, நூலில் நிற்காத அந்தப் பட்டுச் சாயத்தை மட்டும் இங்கேயே போடச் சொன்னாள். அக்பருக்கு வியர்த்துவிட்டது. வேலுமணி கம்பெனிக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவர் அவர்.

“மொதலாளி முன்னால அரகொறையாச் சாயம் போடச் சொல்றீங்களே அம்மணி. என்ற பேரு என்னங்க ஆவறது?” என்று முணுமுணுத்தார்.

“எனக்காகப் போடுங்கண்ணா.”

அவர் சைக்கிளில் பறந்து போய்ச் சாயப்பொடியோடு வந்தார். ஆய்வறையில் ஸ்டவ் எரிந்தது, அசிட்டிக் அமிலத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. வேலுமணி நாற்காலியை விட்டு எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து அக்பர் பையை எடுத்து ஆறவைத்து, வாளித் தண்ணீரில் நன்றாக அலசி, தலையைக் குனிந்துகொண்டே நீட்டினார்.

மேசையில் ஒரு மண் கலயம் இருந்தது. அதுதான் பாக்டீரியா என்றாள் சாரதாமணி. வைரஸ் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் சரக்கை உள்ளே இறக்கும், கொஞ்ச நேரத்தில் அதே வைரஸ் நூற்றுக்கணக்கில் உள்ளிருந்து வெடித்து வரும் என்று சொல்லிக்கொண்டே, பையின் வாயைக் கலயத்தில் வைத்து அழுத்தி நூலை உள்ளே பிதுக்கினாள். பிறகு பையைப் பிய்த்துத் தூர வைத்தாள்.

“பழச்சாறு அடிக்கிற மெஷின்ல போட்டுச் சுத்தி, வெளிய ஒட்டியிருந்த உறையை இப்படித்தான் உதுத்தாங்க. இனிக் குட்டி போடறதுக்கு வேண்டிய சேதி கலயத்துக்குள்ள இருக்கறதுலதாங்க இருக்கோணும். நீங்களே கையை விட்டு எடுங்க சார்.”

பேராசிரியர் எடுத்தார். ஈர நூல், வெள்ளையாக வந்தது.

“வெள்ளைங்க! செகப்பு அத்தனையும் வெளியவே நின்னுபோச்சு!” என்று கத்தியது வேலுமணி. தான் கமிட்டியில் உட்கார்ந்திருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. “அக்பரு, பிரமாதம் போ!” அக்பர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

“டி.என்.ஏ.வுக்கு அடையாளம் வெச்சும் பார்த்தாங்க சார். அந்த அடையாளத்துல பெரும்பங்கு உள்ள போயிருந்துச்சு” என்றாள் சாரதாமணி. 

பேராசிரியர் நூலைக் கீழே வைக்கவில்லை. “பதினோரு வருஷமா நான் புரதம்னுதான் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன் அம்மா” என்றார் மெதுவாக. “என்கிட்டப் படிச்சுப் போனவங்களுக்கெல்லாம் இனி யார் போய்ச் சொல்றது?”

“போனவங்களுக்கு நீங்க ஒரு கடுதாசி போட்டுருங்க சார்” என்றாள் சாரதாமணி. “இனி வர்றவங்களுக்கு நான் சொல்லிக்கறனுங்க. எப்ப இருந்து வரட்டுங்க?”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். வேலுமணி நல்ல நாள் தேடிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கவே இல்லை. “நாளைக்குக் காலைல வந்துருங்க அம்மணி” என்றார்.