இரண்டு பிளாப்பிகள், ஒரே எண்

விசாரணையில் ஆலை மேலாளர் இருந்தார், எங்கள் முதலாளி இருந்தார், நான் இருந்தேன். கலீம் பாய் இல்லை. விசாரணையே அவரைப் பற்றித்தான். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

தப்பு என்னுடையது. புரோகிராமைத் திருத்திவிட்டு, அதன் பதிப்பு எண்ணை மாற்றாமல் அனுப்பியவன் நான். அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும்... உங்களிடம் சொல்கிறேன்.

ஓசூரில் பல்சக்கரங்களை உலையில் சூடேற்றிக் கடினமாக்கும் ஆலை அது. உலையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் புரோகிராமை எங்கள் சிறிய கம்பெனி எழுதி, பிளாப்பி வட்டில் பதிந்து கொடுத்தது. ஒரு வரி மாறினாலும் எண் கூட வேண்டும். பழைய பிளாப்பிகளைத் திரும்ப வாங்கி உடைத்துவிட வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித்தந்த விதி.

எனக்கோ எண் கூடுவதே அவமானமாகிவிட்டது! பாரூரில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பள்ளியில் எண் கூடினால் பெருமை. இங்கே கூடினால், முன்பு கொடுத்ததில் பிழை என்று அர்த்தம். "என்னப்பா, வாராவாரம் ஒரு நம்பர்? புரோகிராம் எழுதறியா, டவுன் பஸ் விடறியா?" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதிப்பு 2.3-இல் மறுபடி ஒரு பிழை. உலை நின்று கிளம்பினால் சூடு எல்லை தாண்டியது. யாருக்கும் சொல்லாமல் திருத்தினேன். திருத்திய பிளாப்பியின் மேலும் 2.3 என்றே ஒட்டினேன். உலை ஓட்டும் கலீம் பாயிடம் நேரில் கொடுத்துப் பழையதைக் கேட்டு வாங்கினேன்.

"பொட்டிக்குள்ள ஸ்பேர் ஒண்ணு கெடக்குது தம்பி. அதுலயும் இதே நம்பர்தான். ரெண்டும் ஒண்ணுதானே?"

ஆலை மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒண்ணுதான் பாய்."

பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை?

ஒரு மதியம் கரண்டு போய் வந்தது. புதிய பிளாப்பி மக்கர் செய்ய, பாய் ஸ்பேரைப் போட்டிருக்கிறார். சூடு ஏறிக்கொண்டே போனது. உள்ளேயிருந்த சக்கரங்கள் அத்தனையும் வீண்.

பழுது பார்க்க அனுப்பப்பட்டவனும் நானே. முதலில் அந்த ஸ்பேரைத்தான் எடுத்துப் பைக்குள் போட்டேன்!

விசாரணையில் நான் திருத்திய 2.3-ஐ ஓட்டிக் காட்டினேன். பிழையே இல்லை. அப்படியானால் பாய்தான் அளவுகளில் கை வைத்திருக்கிறார் என்று முடிவானது. ஓட்டிக் காட்டிய பிளாப்பியை எடுத்து உறைக்குள் வைத்தேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். ஊரில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர்... இதைச் சமாதானமாகவா சொல்கிறேன்? பாய் வீட்டிலும் ஆட்கள் இருந்தார்களே.

நான் வெளியே வந்தபோது பாய் எழுந்து நின்றார்.

"நான் சரியாத்தான் போட்டேன் தம்பி. நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"நம்புறேன் பாய்" என்றேன். அதுவும் உண்மைதான். அதுதான் இன்னும் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வீணான சக்கரங்களுக்கு ஈடாக, அவருக்குச் சேர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொண்டது ஆறாயிரத்து நானூறு ரூபாய்.