டயரின் உள்பக்கம்

ஸ்கூட்டர் சக்கரம் தரையைத் தொடும் இடம் என் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அப்படி இரண்டே இடங்களை நம்பி ஒரு குடும்பம் எப்படி மலைப்பாதையில் இறங்குகிறது? எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்தான் நான். இதற்கு மட்டும் இன்றுவரை பதில் தெரியவில்லை.

மகளுக்குத் திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் போகலாம் என்றேன், வீட்டுக்காரர் கேட்கவில்லை. ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரியின் பழைய ஸ்கூட்டர் அப்போதுதான் எங்களிடம் வந்திருந்தது. முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டெப்னி மூன்றும் ஒரே அளவு. எதை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. ஆனால் முன் டயரில் பட்டன் முழுக்கத் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. மகள் நிற்கப்போவதோ அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்காரரின் முழங்கால்களுக்கு நடுவில்.

தங்கச் சுரங்கத்தில் அவருக்குக் கயிறு பார்க்கும் வேலை. ஷிப்ட் இறங்குவதற்கு முன், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜைத் தாங்கும் இரும்புக் கயிற்றை மெதுவாக ஓடவிட்டு, கையில் காட்டன் வேஸ்ட்டை, அதாவது கழிவு நூல் கற்றையை, வைத்துத் தடவிக்கொண்டே நிற்பார். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் வேஸ்ட்டின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும்.

ராபர்ட்சன்பேட்டைக் கடையில் அன்று எங்கள் அளவுக்கு இரண்டு டயர்களே இருந்தன. ஒன்று புதியது. மற்றது ரீட்ரெட், பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது. பார்வைக்கு அதுதான் அதிகப் புதுசாகத் தெரிந்தது.

"ரெண்டையும் எடுத்துக்கோங்க. ரிம்முல துரு இருந்தா தேய்ச்சிட்டு மாட்டுங்க, இல்லாட்டி டியூபக் கடிச்சிடும்" என்றார் கடைக்காரர்.

"மலைப்பாதைக்குத் தாங்குமாண்ணா? மழை வந்தா? மூணு பேர் போறோமே?"

"இன்னாம்மா நீ. உங்க ஊட்டுக்காரர நம்பி ஒரு ஷிப்ட் ஜனமே பூமிக்குள்ள எறங்குது. மேல ரோட்டுல போறதுக்கு நீ இவ்ளோ கேக்குற."

வீட்டுக்காரர் சிரித்தபடி பாக்கெட்டிலிருந்து காட்டன் வேஸ்ட்டை எடுத்தார். ரீட்ரெட்டின் வெளிப்பக்கம் முழுக்கத் தடவினார். எங்கும் மாட்டவில்லை. "சரியாத்தான் இருக்குது" என்றார்.

"உள்ளே பாத்தீங்களாங்க?"

"கயித்துல ஏது உள்ள, வெளிய?"

"இது கயிறு இல்லீங்களே."

"பாத்துடுங்க சார்" என்றார் கடைக்காரர். "இல்லாட்டி திருப்பதி வரைக்கும் காதுல இதேதான் கேட்டுக்கினு போகணும்."

வீட்டுக்காரர் வேஸ்ட்டோடு டயருக்குள் கையை விட்டுச் சுற்றிக்கொண்டே வந்தார். பாதிச் சுற்றில் கை நின்றது. டயரை விரித்து வெயிலில் பிடித்தோம். வேஸ்ட்டின் ஒற்றை நூல் ஓரிடத்தில் சிக்கியிருந்தது. அங்கே எறும்பு நுழையும் அளவு வெடிப்பு, உள்ளே இழைகள் அறுந்திருந்தன. வெளியே அதே இடத்தில் புது ரப்பர் பளபளத்தது. கடைக்காரர் தானாகவே அந்த டயரை எடுத்துக் கடைக்குள் ஒதுக்கிப் போட்டார்.

நான் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அவர் தடவி முடிக்கும்வரை சுரங்கத்துக்கு இறங்கும் ஷாப்ட்டின் வாயில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

புது டயர் பின்னால் போனது. உள்ளும் புறமும் தடவிப் பார்த்த பழைய பின் டயர் முன்னால் வந்தது. பலமநேர் தாண்டி மொகிலி கணவாயில் நிறுத்திய இடமெல்லாம், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல இரண்டு டயரிலும் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தன. கீழே அத்தனை வளைவுகள். இந்தச் சின்னச் சக்கரங்களா எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தன என்று நம்ப முடியவில்லை.

இப்போது மகனுக்கு மொட்டை. இம்முறையும் புது டயர் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. பாரம் விழுவது பின்னால், அதனால் அங்கேயே இருக்கட்டும் என்கிறார் அவர். முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கைக்கு அடங்காது, முன்னால்தான் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். மகள் முன்னால் நிற்பாள். மகன் பின்னால் என் மடியில் இருப்பான். குழந்தைகளோடு தூரப் பயணம் போன ஸ்கூட்டர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நல்ல டயரை எந்தச் சக்கரத்தில் போட்டீர்கள், ஏன் என்று எழுதுங்கள். நாங்கள் கிளம்புவதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.