சத்தம் நிறுத்திய போன்

என் கணவர் வேலை பார்த்த பாலாநகர் கம்பெனியை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. அதன் பிறகு உப்பலில் எங்கள் வீட்டில் எந்நேரமும் போனும் கையுமாகவே இருந்தார். போனில் மணியடிக்கும், ஜெயித்தது போல ஒரு இசை வரும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மகள் எதிரிலேயே கேட்டுவிட்டேன்.

"வேலை தேடாம நாள் பூரா கேம் ஆடிட்டிருக்கீங்களே, வெக்கமா இல்லையா?"

அன்றிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அன்றே தகனம் முடிந்து எல்லோரும் திரும்பிய மாலை, அவர் போன் ஒளிர்ந்தது. இன்றைய பாடத்தை முடிக்காவிட்டால் நூற்றிரண்டு நாள் தொடர்ச்சி அறுந்துவிடும் என்றது.

"இன்னிக்குமா இந்தக் கேம்?" என்றேன்.

"இட்ஸ் நாட் எ கேம், அம்மா," என்றாள் மகள். "வெப்சைட் பண்ணக் கத்துக்குற கோர்ஸ். கரெக்டா ஆன்சர் பண்ணா பாயின்ட் வரும், பெல் அடிக்கும். அப்பா வேற வேலைக்காகப் படிச்சாரு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அப்பாதான் நக்கோ, சொல்லாதேன்னாரு. வேலை கிடைச்சதும் தானே சொல்றேன்னாரு."

சரியாகச் சொன்ன ஒவ்வொரு விடைக்கும் அவருக்கு ஒரு மணி அடித்திருக்க வேண்டும். எனக்குப் பயந்து அதைக்கூடக் கேட்காமல் படித்திருக்கிறார்.

போனை எடுத்துச் சத்தத்தை முழுதாக வைத்தேன். அன்றைய பாடத்தைத் திறந்தேன். ஒரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியவில்லை. மணி அடிக்கவே இல்லை.